என் காலில் கேட்ட சத்தம்

முருகேசா,

கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. மூலையில் மஞ்சள் தடவி, பெரியவர்கள் வரிசையில் என் பெயரை முதலாவதாகப் போட்டு, அழகாகத்தான் அச்சடித்திருக்கிறாய். உள்ளே மடித்து வைத்திருந்த துண்டுக் கடிதத்தையும் படித்தேன். "நைனா, பத்து நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள். இடது காலையும் ஒருமுறை மிஷினில் பார்த்துவிடலாம். நானே பார்க்கிறேன், பயப்பட ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறாய். 'நானே பார்க்கிறேன்' என்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். வேறு யாராவது பார்ப்பதாக எழுதியிருந்தால் அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பியிருப்பேன். நீ பார்ப்பதாக எழுதியதால்தான் இந்தக் கடிதம். இதை உறையில் போட்டு ஒட்டவில்லை. ஒடுகத்தூர் சந்தைக்குப் போகிற ஆளிடம் கொடுத்து, பெண் வீட்டுக்கு அனுப்புகிறேன். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண் முதலில் படிக்கட்டும், பிறகு உன் கைக்கு வரட்டும். நடுவில் யார் பிரித்துப் பார்த்தாலும் எனக்குக் கவலையில்லை. அப்பனும் மகனும் மூடி மூடி வைத்ததெல்லாம் போதும்.

நீ அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தபோது நான் அடித்த தம்பட்டம் உனக்கு நினைவிருக்கும். இந்த மலையிலிருந்து கீழே போனவர்கள் எல்லாம் காப்பித் தோட்டத்துக்கும் தோல் பதனிடுகிற ஷாப்புக்கும்தான் போனார்கள். என் மகன் ஒருவன்தான் வெள்ளைக் கோட்டுப் போட்டான். வாணியம்பாடியில் இறங்கி, கடைக்காரர் எடுத்துக் காட்டிய வாட்ச்சுகளில் பெரிய முகம் உள்ளதாகப் பார்த்து உனக்கு வாங்கி வந்தேன். "நாடி புடிக்கறவனுக்கு முள்ளு தெரியணும்" என்று சொல்லி உன் இடது கையில் நானே கட்டிவிட்டேன். நீ சிரித்தாய். "நாடியெல்லாம் வெரல்ல புடிக்கறது பழைய காலம் நைனா, இப்ப அதுக்கு மிஷின் வந்துட்ச்சி" என்றாய். அடுத்த முறை நான் வந்தபோது அதைக் காட்டவும் செய்தாய். டிரான்சிஸ்டர் ரேடியோ அளவுக்கு ஒரு பெட்டி. அதிலிருந்து ஒயர், ஒயரின் நுனியில் பேனா மாதிரி ஒன்று. என் காலில் வழவழவென்று ஒரு பசையைத் தடவி, பேனாவைச் சாய்த்து வைத்தாய். முறத்தில் சாமை புடைக்கிற மாதிரி பெட்டிக்குள்ளிருந்து விஷ்க், விஷ்க் என்று சத்தம் வந்தது. "இன்னாடா இது?" என்றேன். "உன் ரத்தம் ஓடற சத்தம்தான் நைனா" என்றாய். ஊசி இல்லை, கத்தி இல்லை, ஒரு சொட்டு ரத்தம் எடுக்கவில்லை. உள்ளே நடப்பதை வெளியிலிருந்தே கேட்டுச் சொல்கிற வேலை என் மகனுடையது என்று ஊரில் பார்த்தவனிடமெல்லாம் சொன்னேன்.

அந்தச் சத்தம் என் வலது காலில் தேய ஆரம்பித்ததற்கு நான்தான் காரணம், அதையும் சொல்லிவிடுகிறேன். பீடி குடிக்கிறவர்களுக்குக் கால் ரத்தக் குழாய் அடைத்துக்கொள்ளும், விட்டால்தான் கால் தப்பும் என்று டாக்டர் சொன்ன அன்று, செத்துப்போன உன் அம்மா பெயரைச் சொல்லி உன்னிடம் சத்தியம் செய்தேன். பீடியை விட்டேன். ஆனால் முனீஸ்வரனுக்கு வைக்கிற சுருட்டை விடவில்லை. வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் சாமிக்குப் பற்றவைத்த சுருட்டு கை மாறி வருமே, அது பிரசாதம், அதை வேண்டாமென்று தள்ளினால் குற்றம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்று இரண்டாயிற்று. வெள்ளிக்கிழமை மட்டும் என்பது போய் செவ்வாயும் சேர்ந்தது. சாமி கேட்கிறார் என்று நானே வாங்கிப் போய் வைத்த நாளும் உண்டு. மாதம் ஒருமுறை நீ என் கையிலும் கணுக்காலிலும் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, எந்த அளவில் சத்தம் திரும்பி வருகிறது என்று எழுதுவாய். ஒவ்வொரு மாதமும் கால் அளவு இறங்கியது. "பீடி எதனா?" என்று கேட்பாய். "தொடறதில்லடா" என்பேன். அது நிஜம்தானே! நீ டாக்டரிடம் போய், "எங்க நைனா வுட்டுட்டாரு சார், நான் கேரண்டி" என்று ஜவாப் சொன்னாய். என் சொல்லை நம்பி உன் சொல்லைக் கொடுத்தாய். உன் பெட்டி என்னைக் காட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தது. நீ அதை நம்பாமல் என்னை நம்பினாய். இந்தத் தப்பை நான் சின்னதாக்கவில்லை.

ஆனால் நீ செய்தது வேறு. அதை இன்றுவரை நான் உன்னிடம் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

வலது கால் பெருவிரலும் பக்கத்து விரலும் கறுத்து, பாதமே மரத்துப்போய், உன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். போர்வை காலில் படாமலிருக்க இரும்பு வளைவு ஒன்றை வைத்து, அதன்மேல் போர்வையைப் போட்டிருந்தார்கள். படுத்தபடி பார்த்தால் என் பாதம் எனக்குத் தெரியாது. ஆப்ரேசன் பண்ணுகிற டாக்டருக்குத் தமிழ் வராது. அவர் உன்னிடம் இங்கிலீஷில் நிறையப் பேசினார், நீ என்னிடம் கொஞ்சமாகச் சொன்னாய். "அழுகின வெரலு ரெண்டத்தான் எடுப்பாங்க நைனா. கையெழுத்துப் போடணும்" என்றாய். எனக்கு என்னவோ உறுத்தியது. இரண்டு விரலுக்கா டாக்டர் அவ்வளவு நேரம் பேசுவார்? "வெரலா, காலா?" என்று கேட்டேன். "வெரலுதான்" என்றாய். அப்போது நான் சொன்னது எனக்கு எழுத்து எழுத்தாக நினைவிருக்கிறது. "அந்தப் பொட்டிய கொண்டாந்து என் கால்ல வையி. என் காதால கேக்கறேன். சத்தம் வந்தா இங்கியே கெடக்கறேன், இன்னா வேணா பண்ணுங்க. வரலன்னா என்னை மலைக்கு இட்டுனு போய்டு. ரெண்டு காலோட என் வூட்ல சாவறேன்." நீ எழுந்து போனாய். திரும்பி வர வெகு நேரம் ஆயிற்று.

பெட்டியோடு வந்தாய். என் தலைமாட்டில் நின்று வாட்ச்சைக் கழற்றி, மருந்து வைக்கிற அலமாரிமேல் வைத்தாய். கால்மாட்டில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தாய். வளைவுக்குள் இரண்டு கையையும் விட்டாய். பசை தடவியதோ பேனா வைத்ததோ எனக்குத் தெரியவில்லை, மரத்த காலில் என்ன தெரியும்? கொஞ்ச நேரம் பெட்டி வெறுமனே இரைந்தது. பிறகு வந்தது அந்தச் சத்தம். விஷ்க், விஷ்க், விஷ்க், விஷ்க். எவ்வளவு பலமாக! நல்ல காலில்கூட அப்படிக் கேட்டதில்லை. "கேக்குதா நைனா?" என்று திரும்பாமலே கேட்டாய். "கேக்குதுடா, கேக்குதுடா" என்று அழுதேன். அந்த வார்டில் இருந்த பத்துப் பேரும் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஆம்பூர் பாய் ஒருத்தர், "அல்லா காப்பாத்திட்டான் பெரியவரே" என்றார். அவருக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

அதற்கு முன்னால் ஒரு டாக்டர் என் கையையும் காலையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்த்தபோது, "ரெண்டும் ஒண்ணா அடிக்கணும், ஒரே இதயந்தானே" என்று நீதான் எனக்கு விளக்கியிருந்தாய். அதனால் அன்றைக்கும், சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, என் கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தேன். கழுத்து மெதுவாக அடித்தது. பெட்டி ஓட்டமாக ஓடியது. ஒன்றோடொன்று சேரவே இல்லை. மிஷின் அல்லவா, வேகமாகக் காட்டும் என்று நினைத்துக்கொண்டேன். நீ எழுந்து வந்து காகிதத்தை நீட்டினாய். உன் இடது மணிக்கட்டில், வாட்ச் கட்டுகிற இடத்தில், பசை பளபளத்தது. அதையும் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. என் மகன் கையில் ஒட்டியிருப்பதில் சந்தேகப்பட எனக்கு என்ன இருக்கிறது?

காகிதம் இங்கிலீஷில் இருந்தது. நம் ஊரில் யாருக்குக் கடுதாசி வந்தாலும் என்னிடம்தான் வரும். மனு எழுதுவதும் நான்தான். கைநாட்டு வைக்கிறவர்களை நிறுத்தி, "இன்னா எழுதியிருக்குதுன்னு படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு வை" என்று இருபது வருஷமாகச் சொன்னவன் நான். அந்த ஆள்தான் அன்றைக்கு ஒரு எழுத்தும் கேட்காமல் முழுப் பெயரையும் போட்டான். கண் விழித்தபோது இரும்பு வளைவு இல்லை. போர்வை முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ள தொறந்து பாத்தப்பதான் தெரிஞ்சிதாம் நைனா, மேல வரைக்கும் பரவிட்ச்சாம்" என்றாய். அதையும் நம்பினேன். வெட்டின காலை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் எரிச்சிடுவாங்க" என்றாய். நம் ஆட்களில் யாரையாவது எரித்து நீ பார்த்திருக்கிறாயா? உன் அம்மா நம் சாமை நிலத்து வரப்போரம்தான் மண்ணுக்குள் இருக்கிறாள். அந்தக் காலையும் ஒரு துணியில் சுற்றிக் கொடுத்திருந்தால் அவள் பக்கத்தில் புதைத்திருப்பேன். பைத்தியக்காரத்தனம் என்று நீ நினைக்கலாம். நாற்பது வருஷம் ஏர் பின்னால் நடந்த கால், நான் போய்ச் சேர்கிற இடத்துக்கு முன்னாடியே போய் இருந்திருக்கும்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிப்பாய். ஆறு மாதம் கழித்து, நீ பயிற்சிக்காக மெட்ராஸ் போயிருந்த சமயம், காலைக் காட்டுவதற்கு நான் தனியாக ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன் இடத்தில் புதுப் பையன் ஒருவன் இருந்தான். இடது காலைப் பார்த்துவிட்டுப் பழைய நோட்டைப் புரட்டினான். "வலது கால்ல அட்மிட் ஆன அன்னிக்கே சத்தம் இல்லியே பெரியவரே, எல்லா எடத்துலயும் சைபர் போட்டிருக்குது" என்றான். "அதுக்கப்புறம் கேட்டுச்சேப்பா" என்றேன். "இல்லீங்களே, ஆப்ரேசனுக்கு மொத நாளும் சைபர்தான்" என்று நோட்டை என் பக்கம் திருப்பினான். உன் கையெழுத்து. வால் விட்டுச் சுழிக்கிற அந்தச் சைபர் நான் சிலேட்டில் உன் கையைப் பிடித்து எழுத வைத்தது. நீ என்னை அழ வைத்த அதே நாளின் வரியில் அதை எழுதியிருந்தாய். நோட்டுக்கு உண்மை, டாக்டருக்கு உண்மை, அப்பனுக்கு மட்டும் பொய். வார்டே எட்டிப் பார்க்க நான் கும்பிட்டேனே, அது உன் மணிக்கட்டில் ஓடிய ரத்தம். நான் எப்படி ஏமாந்தேன் என்பதைவிட, ஏமாறுகிறேன் என்று தெரிந்தே நீ "கேக்குதா நைனா" என்று கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கே பஸ் ஏறி மலைக்கு வந்துவிட்டேன்.

நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். அப்படிச் செய்திருக்காவிட்டால் நான் மலைக்கு வந்து அழுகிச் செத்திருப்பேன் என்பாய். நிஜம்தான். இந்த இரண்டு வருஷமும் நீ கொடுத்தது, உன் கல்யாணத்தைப் பார்க்கப் போகிறேன் என்றால் அதுவும் நீ கொடுத்தது. ஆனால் சத்தம் வரவில்லை என்று நீ சொல்லியிருந்தால் நான் கட்டாயம் மலைக்குத்தான் வந்திருப்பேன் என்று நீ எப்படி முடிவு கட்டினாய்? நான் வீறாப்புக்காரன். கத்துவேன், ஒரு நாள் சாப்பிடாமல் கிடப்பேன். அதற்கப்புறம் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருந்தால் என்ன செய்திருப்பேனோ, எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்கிற வாய்ப்பை நீ எனக்குக் கொடுக்கவில்லை.

எங்கிருந்து இதைக் கற்றாய் என்று யோசித்துப் பார்த்தேன். அதற்குப் பதில் கிடைத்தபோது இன்னும் வெட்கமாகிவிட்டது. கீழ்வீட்டுப் பூங்காவனத்தை உனக்கு நினைவிருக்கும். அவள் மகன் காப்பித் தோட்டத்துக்குப் போயிருந்தான். அங்கிருந்து மேஸ்திரி எழுதிய கடுதாசியை என்னிடம் கொண்டுவந்தாள். காய்ச்சலில் பையன் இறந்துவிட்டான், அங்கேயே புதைத்துவிட்டோம் என்று எழுதியிருந்தது. அவள் அப்போதுதான் நோயில் கிடந்து எழுந்திருந்தாள். என் வாயில் அது வரவில்லை. "சொகமா கீறானாம், அடுத்த வருசம் வரானாம்" என்று படித்தேன். உனக்கு அப்போது ஒன்பது வயது, என் தோளுக்குப் பின்னால் நின்று நீயும் படித்துவிட்டாய். அவள் போன பிறகு, "நைனா, செத்துட்டான்னுதான எழுதியிருந்திச்சி?" என்று கேட்டாய். "சும்மா இர்ரா. சில எழுத்த வாய் வுட்டுப் படிக்கக் கூடாது" என்றேன். தேறிய பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிப் போட்டேன். ஒரு வருஷம் அவள் மகனுக்காகக் கோழி வளர்த்தாள். தோட்டத்திலிருந்து வந்த வேறொருத்தன் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. நம் வாசலில் வந்து நின்று, "எம் மவனுக்கு நான் அழ வேண்டிய அழுகைய நீ இன்னாத்துக்குய்யா எடுத்து வச்சிக்கினே? கருமாதி இல்லாம ஒரு வருசம் அவன அலைய வுட்டுட்டியே" என்று கேட்டாள். மண்ணை வாரித் தூற்றவில்லை, திட்டவில்லை. அதற்கப்புறம் எந்தக் காகிதத்தையும் அவள் என்னிடம் கொண்டுவரவில்லை, கீழே சந்தைக்குப் போய் முன்பின் தெரியாதவர்களிடம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது, நல்லது செய்தவனை இப்படிச் செய்கிறாளே என்று. என் கால் போன பிறகுதான் அவள் கேட்டது எனக்குப் புரிந்தது. போன மாதம் கம்பை ஊன்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது இதுதான். அந்தப் பெண்ணுக்கு நோவு வரும், உனக்கும் வரும், குழந்தைக்கு வரும். உனக்கு மிஷின் தெரியும், இங்கிலீஷ் தெரியும், அவளுக்கு முன்னாடியே உனக்கு எல்லாம் தெரிந்துவிடும். அப்போது அவள் உன் முகத்தைப் பார்ப்பாள். அழுவாளே, ஒடிந்துபோவாளே என்று நீயே ஒரு சத்தத்தை உண்டாக்கிக் காட்டிவிடாதே. அழட்டும். பக்கத்தில் இரு. அம்மா, இதைப் படிக்கிற மருமகளே, உனக்கும்தான் சொல்கிறேன். இவன் நல்லவன், கெட்ட எண்ணம் இவனுக்குக் கிடையாது. நான் ஏமாந்ததும் அந்த நல்ல எண்ணத்திடம்தான். இவன் 'பயப்பட ஒன்றுமில்லை' என்று சொன்னால் இரண்டு தடவை கேள்.

இப்போது இடது காலுக்கு வருகிறேன். பொங்கலுக்கு வந்தபோது அந்தக் கால் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையை எடுத்தாய். சில்லென்று இருப்பது எனக்கும் தெரியும். உன் பெட்டி சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், ஒரு கால் போன பிறகும் ஆடி மாதத்துப் பூசையில் மறுபடி சுருட்டைக் கையில் வாங்கினேன். மூன்று வெள்ளிக்கிழமை. பூங்காவனம் வீட்டுக்குப் போய் வந்த நாளிலிருந்து தொடவில்லை. சாமிக்கு வைப்பதைச் சாமியே குடித்துக்கொள்ளட்டும் என்று பூசாரியிடம் சொல்லிவிட்டேன். இதில் பொய் ஒன்றுமில்லை. நம்புவதும் நம்பாததும் உன் பாடு.

நான் வருகிறேன். பத்து நாள் முன்னதாகவே வருகிறேன். வேறு யாரையும் பார்க்கச் சொல்ல வேண்டாம், நீயே பார். பசையை என் கண்ணுக்கு எதிரில் தடவு. பேனா பிடிக்கிற கை, சும்மா இருக்கிற கை இரண்டும் போர்வைக்கு வெளியே இருக்கட்டும். நான் ஒரு விரலை என் கழுத்தில் வைத்துக்கொள்வேன், நீ கோபித்துக்கொள்ளக் கூடாது. சத்தம் வந்தால் சேர்ந்து கேட்போம். வராவிட்டால், பெட்டி வெறுமனே இரைவதையும் நான் முழுசாகக் கேட்க வேண்டும், நீ ஒன்றும் சொல்லாதே. அதற்கப்புறம் காகிதத்தைத் தமிழில் எழுதிக் கொண்டு வா. படித்துப் பார்த்து, கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று நான் சொல்கிறேன்.

மிஷினை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வரும்போது, அந்த வாட்ச் உன் கையிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நைனா